வலி நின்றுவிட்டால் பல் குணமாகிவிட்டதா?

மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கிவிடுமா? பல் மருத்துவர்களிடம் தமிழர்கள் கேட்கும் கேள்விகளில் இது மிகப் பழையது. இன்னும் ஓயவில்லை. சிராங்கூன் சாலைப் பக்கத்து மருந்தகமாக இருந்தாலும் சரி, வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்தகமாக இருந்தாலும் சரி, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "இந்தப் பல்லை எடுத்துவிட வேண்டும்" என்று சொன்னால், பெரும்பாலும் அடுத்து வருவது இந்தக் கேள்விதான்.

மங்காது என்பதே பதில். பார்வையை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பு வேறு. பல்லின் வலியையும் கூச்சத்தையும் கொண்டு செல்லும் நரம்பு வேறு. பல்லுக்கு வரும் நரம்புக்கு மூன்று கிளைகள் உண்டு. ஒன்று நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய தோலுக்கும், மற்றொன்று மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் செல்கின்றன. மூன்றும் ஒரே அடிமரத்திலிருந்து பிரிவதால், மேல் கடைவாய்ப் பல் வலிக்கும்போது கண்ணுக்குக் கீழேயும் பொட்டுப் பக்கத்திலும் குடைவது போல் இருக்கும். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த பயம்தான் இது. வயதும் இதற்குத் துணை நிற்கிறது. நாற்பத்தைந்தை ஒட்டித்தான் பலருக்குக் கிட்டப் பார்வை குறைந்து வாசிப்புக் கண்ணாடி தேவைப்படுகிறது. ஈறு நோயால் பல் ஆடத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே வயதில்தான். பல்லை எடுத்த சில மாதங்களில் செய்தித்தாள் எழுத்து தெரியவில்லை என்றால், பழி பல் மருத்துவர் மேல் விழுகிறது.

இந்தப் பயத்தைச் சிரித்துவிட்டு ஒதுக்கிவிட முடியாது. எடுக்க வேண்டிய பல்லை எடுக்காமல், சீழ் பிடித்த வேரோடு ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. கெடுதல் அங்கேதான் இருக்கிறது.

வலி போனது எங்கே?

"போன மாதம் உயிர் போகிற வலி. கிராம்புத் தைலம் வைத்தேன், மாத்திரை போட்டேன், இப்போது ஒன்றும் இல்லை." மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்குமூலம் இது. இதைச் சொல்பவர் மகிழ்ச்சியாகச் சொல்வார்; கேட்கும் மருத்துவருக்கோ கவலை கூடும்.

பல்லின் வெளி ஓடு எனாமல். உடலிலேயே கடினமான பொருள் அதுதான். ஆனால் அதில் உயிரணுக்கள் இல்லை. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலில் குழி விழுந்தால் அது தானாக மூடிக்கொள்ளாது. அதனுள்ளே டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் அடங்கிய கூழ். சொத்தை எனாமலில் இருக்கும் வரை வலி தெரியாது. டென்டினை எட்டும்போது குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் கூசும். கூழை எட்டிவிட்டால் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி. கூழ் வீங்குவதற்குப் பல்லுக்குள் இடம் இல்லை. கல் போன்ற அறைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. சில நாட்களிலோ வாரங்களிலோ அந்த நரம்பு செத்துவிடுகிறது. செத்த நரம்பு வலிக்காது.

வலி நின்றதற்குக் காரணம் கிராம்புத் தைலம் அல்ல. கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருள் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும்; பல் மருத்துவர்களே அதைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் கிருமியை அது வேரிலிருந்து வெளியேற்றுவதில்லை. நரம்பு செத்த பிறகு கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கி, அங்கே சீழ்ப் பை கட்டுகிறது. அது ஈறில் சிறு கொப்புளமாக உடைந்து வடியலாம். அல்லது ஒரு நாள் காலையில் முகம் ஒரு பக்கமாக வீங்கியிருக்கலாம். அரிதாக, கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் பரவி மூச்சுக் குழலையே நெருக்கும். காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, தாடைக்கடியில் கெட்டியான வீக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நேராக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

வலிக்கும் பல்லின் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையைத் தூளாக்கி வைக்கும் பழக்கமும் நம்மிடையே உண்டு. அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும். மாத்திரை வேலை செய்வது வயிற்றுக்குள் போன பிறகுதான்.

இந்த நிலையில் உள்ள பல்லைக் காப்பாற்ற வழி இருக்கிறது. வேர் சிகிச்சையில் செத்த கூழை அகற்றி, உள் கால்வாயைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே தொப்பி போடுவார்கள். செலவு கூடுதல், இரண்டு மூன்று முறை வர வேண்டும். பல்லைப் பிடுங்குவது மலிவு, ஒரே நாளில் முடிந்துவிடும். வெளிநாட்டு ஊழியர் பலர் பிடுங்குவதையே தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு, கையில் எண்ணிப் பார்த்த வெள்ளி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் என்று இருக்கும் இருபத்தைந்து வயது இளைஞரிடம், மூன்று தவணை வாருங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. வெளிநாட்டு ஊழியர்களுக்காகச் செயல்படும் ஹெல்த்சர்வ் போன்ற அறநிறுவனங்கள் குறைந்த கட்டணத்தில் பல் சிகிச்சையும் அளித்து வந்திருக்கின்றன. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லலாம்.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

ஸ்கேலிங் எனப்படும் காரை நீக்கும் சிகிச்சையைப் பற்றிய புகார் இது. "நன்றாக இருந்த பல், கிளீன் செய்த பிறகு ஆடுகிறது, இடுக்கு விழுந்துவிட்டது" என்பார்கள். நடந்தது வேறு. பல்லில் படியும் மெல்லிய பாசி போன்ற படலம் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கெட்டியாகிக் காரையாகிறது. அதை எந்தப் பிரஷ்ஷாலும் தேய்த்து எடுக்க முடியாது. காரைக்கு அடியில் கிருமிகள் தங்கி ஈறை வீங்க வைக்கின்றன. நாளடைவில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரைகிறது. எலும்பு கரைந்த பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது காரைதான். சுவர் இடிந்த பிறகு ஒட்டடை தாங்கி நிற்பது போன்ற நிலை. காரையை எடுத்ததும் உண்மை தெரிகிறது. வீக்கம் வற்றுவதால் ஈறும் இறங்கி இடுக்கு கண்ணுக்குப் படுகிறது.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை சுத்தம் செய்துகொள்பவருக்கு இந்த அதிர்ச்சி வராது. பத்தாண்டு கழித்து வருபவருக்குத்தான் வரும். பல் தேய்க்கும்போது இரத்தம் கசிவதே முதல் அறிகுறி. அதைப் பார்த்துப் பலர் அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிரானது.

நீரிழிவு உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு, தேசிய சராசரியைவிட அதிகம். 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது கண், கால், சிறுநீரகம் பற்றிப் பலரும் தெரிந்துகொண்டார்கள். வாயைப் பற்றிய பேச்சு அவ்வளவு பரவவில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் விரைவாக முற்றும். முற்றிய ஈறு நோய் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று தூண்டுகோல். நீரிழிவு மருந்து உட்கொள்பவர் அதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடும் இதய நோயாளிகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் பல் எடுப்பதற்காக அந்த மருந்தைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

கர்ப்பிணிகளிடம் "ஒரு பிள்ளைக்கு ஒரு பல்" என்று சொல்லும் பாட்டிமார் இருக்கிறார்கள். குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சுவதில்லை. கர்ப்ப காலத்து ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்குகிறது; வாந்தியின் அமிலமும், அடிக்கடி கொறிப்பதும் சேர்ந்துகொள்கின்றன. கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சை பெறலாம். நடு மூன்று மாதங்கள் வசதியானவை.

பல்லைக் காக்கும் தண்ணீர், பல்லைக் கறுக்கும் தண்ணீர்

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கப்படுகிறது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இத்திட்டத்தால், மக்கள் அனைவருக்கும் ஃபுளோரைடு கலந்த தண்ணீர் வழங்கிய முதல் ஆசிய நாடு என்ற பெயர் சிங்கப்பூருக்கு உண்டு. இப்போதைய அளவு லிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம். வெப்ப நாட்டில் மக்கள் அதிகம் தண்ணீர் குடிப்பதால் குளிர் நாடுகளைவிடக் குறைவாக வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தண்ணீரோடு பள்ளிப் பல் மருத்துவச் சேவையும் சேர்ந்துதான் இங்குள்ள பிள்ளைகளின் பல்லைக் காத்தது. இன்று ஐம்பது அறுபது வயதில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும்: தொடக்கப் பள்ளியில் வடிகால் ஓரமாக வரிசையில் குந்தி, ஆளுக்கொரு குவளையும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு பல் தேய்த்த காட்சி. வகுப்பு நடுவே பல் தாதி பெயர் சொல்லி அழைத்தால் வயிற்றைக் கலக்கியதும் மறந்திருக்காது.

அதே ஃபுளோரைடு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இயற்கையாகவே மிகுதி. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைப் பல ஊர்களின் கிணறுகள் தாண்டுகின்றன. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். மிக அதிகமானால் எலும்பும் மூட்டும் இறுகும். சென்னை மாகாணத்தில் இந்நோய் பற்றிய மருத்துவக் கட்டுரை 1937லேயே வெளிவந்தது. காவிரி நீரைக் கொண்டுவந்து இதைத் தீர்ப்பதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013ல் செயல்பாட்டுக்கு வந்தது.

இதை இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்களின் பழுப்புப் பல்லைப் பார்த்து, பல் தேய்க்காதவர், புகையிலை போடுபவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தக் கறை, எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உள்ளிருந்தே படிந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்க எனாமல்தான் தேயும். பெண் பார்க்கப் போகும் முன் பல்லை வெளுப்பாக்க வேண்டும் என்று கேட்டு வருபவர்களுக்கு முதலில் சொல்லப்பட வேண்டியது, இது உங்கள் தவறு அல்ல என்பதுதான்.

வெண்மையாக்கும் முன்

பல்லை வெண்மையாக்கும் மருந்தில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைட். அது எனாமலின் நுண்ணிய துளைகள் வழியே உள்ளே போய்க் கறைப் பொருளை உடைக்கிறது. காப்பி, தேநீர், வெற்றிலை, புகை ஆகியவற்றால் மஞ்சளான பல்லுக்கு நல்ல பலன் தரும். ஃபுளோரைடுக் கறைக்குப் பலன் ஒரே சீராக இருக்காது. சில நேரம் வெள்ளைத் திட்டு இன்னும் துலக்கமாகிவிடும். அவர்களுக்கு மேற்பரப்பை மெல்லியதாக நீவி எடுப்பது, பல் நிறப் பசையால் மூடுவது போன்ற வேறு வழிகள் பொருத்தமாக இருக்கலாம். முன்பே போட்ட அடைப்பும் தொப்பியும் நிறம் மாறா. சுற்றியுள்ள பல் வெளுத்த பிறகு அவை மட்டும் பழைய நிறத்தில் தனித்துத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாததால் ஏற்படும் மனத்தாங்கல்தான் அதிகம்.

சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் கூச்சம் இருப்பது இயல்பு. வெண்மை நிரந்தரமும் அல்ல. தே தாரிக்கை விடாதவருக்குச் சீக்கிரமே மங்கும். சொத்தையும் ஈறு நோயும் இருக்கும் வாயில் வெண்மையாக்கக் கூடாது. சிங்கப்பூரில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைட் கொண்ட பொருளைப் பல் மருத்துவர் வழியாகவே பயன்படுத்த வேண்டும். அழகு நிலையத்திலோ இணையத்திலோ "ஒரே மணி நேரத்தில் முத்துப் பல்" என்று விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதே.

கரி பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் உமிக்கரியும் செங்கல் தூளும் வைத்துத் தேய்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கோபால் பல்பொடி விளம்பரத்தை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இப்போது அதே கரி கறுப்புக் குழாயில் பற்பசையாகத் திரும்பி வந்து நல்ல விலைக்கு விற்கிறது. சொரசொரப்பான கரி மேற்கறையை உரசி எடுக்கும். உள் நிறத்தை மாற்றாது. நாள்பட எனாமலையும் தேய்க்கும். ஆலங்குச்சி, வேலங்குச்சியைப் பொறுத்தவரை, நாரை மென்மையாக மென்று பதமாகத் தேய்த்தால் படலம் போகும்தான். (பழமொழியில் வரும் வேல், வேம்பு அல்ல, கருவேல்.) ஆனால் குச்சியில் ஃபுளோரைடு இல்லை, கடைவாயின் பின்புறத்தை அது எட்டுவதும் அரிது. ஃபுளோரைடு உள்ள பற்பசையால் காலையும் படுக்கும் முன்னும் இரண்டு நிமிடம், மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டு அலசாமல் இருப்பதே இன்றைய பரிந்துரை. அலசினால் ஃபுளோரைடும் போய்விடுகிறது.

வெனீர், கம்பி, இம்பிளாண்ட்

திரை நட்சத்திரங்களின் புன்னகையைக் கைப்பேசியில் காட்டி, இதே போல் வேண்டும் என்று கேட்பவர்கள் கூடிவிட்டனர். வெனீர் என்பது பல்லின் முன்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் ஓடு. அழகாக இருக்கும். பெரும்பாலும் அதை ஒட்டுவதற்கு இயற்கையான எனாமலைச் சிறிதளவு சீவ வேண்டும். சீவியது திரும்ப வளராது. ஓடும் ஆயுள் முழுவதும் நிற்காது, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற நேரலாம். இருபது வயதில் போட்டுக்கொள்பவர், இன்னும் மூன்று நான்கு முறை பணம் கட்ட நேரிடும் என்று எண்ணிப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மேலும், நம்மில் சிலர் குறையாக நினைக்கும் தெற்றுப்பல்லைத் தமிழ்த் திரை ரசிகர்கள் அழகென்று கொண்டாடியதும் உண்டு. ஜப்பானில் அதற்கென்றே 'யாயெபா' என்ற பெயர் இருக்கிறது.

பல் வரிசையைச் சீராக்கும் கம்பி விஷயத்தில் விளையாட்டே கூடாது. தாய்லாந்து, இந்தோனீசியா, மலேசியா போன்ற நாடுகளில் பரவிய 'ஃபேஷன் பிரேசஸ்' மோகம் இங்குள்ள இளையரையும் தொட்டது. பயிற்சி இல்லாதவர் ஒட்டும் கம்பி பல்லைத் தவறான திசையில் இழுக்கும், வேரைக் கரைக்கும். சிங்கப்பூரில் பல் மருத்துவம் செய்பவர் சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பல் சீரமைப்பு நிபுணர் என்று சொல்லிக்கொள்பவர் நிபுணர் பட்டியலில் இருக்கிறாரா என்பதும் அதில் தெரியும்.

ஜொகூர் பாருவிலோ சென்னையிலோ செய்துகொண்டால் செலவு குறையுமே என்பது நியாயமான கேள்வி. அங்கும் திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் நாட்களில்தான். இம்பிளாண்ட் எனும் டைட்டானியத் திருகு தாடை எலும்போடு கூடுவதற்கே சில மாதங்கள் ஆகும். இரண்டு வார விடுமுறையில் ஊருக்குப் போய் எல்லாவற்றையும் முடித்துவிட நினைப்பவர்கள், திரும்பிய பிறகு திருகு தளர்ந்தால் யாரிடம் போவது என்று யோசிப்பதில்லை. எந்த நிறுவனத்தின் திருகு, என்ன அளவு என்ற குறிப்பும் எக்ஸ்ரேயும் கையில் இருந்தால், வேறு மருத்துவர் உதவ முடியும். இல்லாவிட்டால் அவர் ஊகித்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

வெற்றிலைத் தட்டு

தேக்காவில் வெற்றிலையும் பாக்கும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. திருமணத் தாம்பூலத்தில் வைப்பதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. நாள்தோறும் மெல்வது வேறு. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் வகைப்படுத்தியது. மெல்லும் புகையிலையை இறக்குமதி செய்வதும் விற்பதும் சிங்கப்பூரில் சட்டவிரோதம். பாக்கு மெல்பவருக்கு முதலில் காரம் தாங்காது, வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார் போல் இறுகி, வாயைத் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு எதுவானாலும் அப்படித்தான். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலிக்காது.

செலவு

பல் சிகிச்சைக்கு மெடிசேவ் பயன்படுமா என்பது அநேகமாக எல்லாரும் கேட்பது. எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லை அறுத்து எடுப்பது, இம்பிளாண்ட் பதிப்பது போன்ற அறுவை சிகிச்சைகளுக்கு, மருத்துவக் காரணம் இருந்தால், வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். வெண்மையாக்குவதற்கும் வெனீருக்கும் கிடையாது. 2012ல் தொடங்கிய சாஸ் எனும் சமூக சுகாதார உதவித் திட்டத்தில் நீலம், ஆரஞ்சு அட்டை உள்ளவர்களும் முன்னோடித் தலைமுறையினரும் மெர்டேக்கா தலைமுறையினரும், திட்டத்தில் சேர்ந்த தனியார் பல் மருந்தகங்களில் பரிசோதனை, சுத்தம் செய்தல், அடைப்பு, பல் எடுத்தல், பல் செட், வேர் சிகிச்சை போன்றவற்றுக்குக் கழிவு பெறலாம். எந்தச் சிகிச்சைக்குக் கழிவு உண்டு, எவ்வளவு என்பது அட்டையின் நிறத்தைப் பொறுத்து மாறும். அட்டையை நாற்காலியில் உட்காரும் முன்பே முகப்பில் காட்டி, கழிவு போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். பலதுறை மருந்தகங்கள் சிலவற்றிலும் பல் பிரிவு உண்டு. அங்கே கட்டணம் குறைவு, காத்திருக்கும் நாட்கள் கூடுதல் என்பதால், வலி வருவதற்கு முன்பே முன்பதிவு செய்துவிடுவது நல்லது.